ஓட்டோவை நிறுத்தப் போனவள்

சப்போரோக்காரர் ஒருவர் கேட்டது குளியல் துண்டு ஒரு பெட்டி. கிடங்குப் பட்டியலில் அது இரண்டு பெட்டியாக நின்றது.

ஜப்பானின் இமாபாரி ஊரில் ஒரு துண்டுக் கம்பெனியின் இணையக் கடையைப் பார்த்துக்கொள்ளும் நோமா ஷிஹோ, அந்தப் புதன்கிழமை காலையில்தான் புதிய இணைப்பு மென்பொருளை ஓடவிட்டிருந்தாள். கடைக் கணினியோடு மற்ற மென்பொருள்கள் பேசும் ஏபிஐ வழியாக ஆர்டர்களை எடுத்து, துறைமுகத்துப் பக்கம் இருக்கும் கிடங்கின் கணினியில் பதிவது அதன் வேலை. ஒழுங்காகத்தான் பதிந்திருந்தது. ஆனால் அதே ஆர்டரை இன்னொன்றும் பதிந்திருந்தது. 'பதிந்தவர்' என்ற கட்டத்தில் 'ஓட்டோ' என்று இருந்தது.

தானாக ஓடும் எதையும் அந்த ஊரில் ஓட்டோ என்றுதான் சொல்வார்கள். நோமா பிரிவுத் தலைவர் ஹிகாகியிடம் போய்க் கேட்டாள். அவர் அந்த நாற்காலிக்கு வந்தே நான்கு மாதம்தான்.

"முன்னாடி இருந்தவர் போறப்ப சொன்னாரு, நோமா-சான். ஆர்டரெல்லாம் ஓட்டோ பொறுப்பு, கவலைப்படாதீங்கன்னு."

"அப்போ பழைய புரோகிராம் ஒண்ணு எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு."

"நிறுத்திடுங்க. திங்கக்கிழமை கோடைப் பரிசு சீசன் ஆரம்பிக்குது. எல்லார் வீட்டுக்கும் ரெண்டு ரெண்டாப் போச்சுன்னா மானம் போயிடும்."

பழையது உள்ளே நுழைய முடியாதபடி நோமா கடையின் ஏபிஐ சாவியை மாற்றினாள். அவளுடைய இணைப்புதான் அறுந்தது. ஓட்டோ அசையாமல் பதிந்துகொண்டே இருந்தது. அறுந்ததை ஒட்டவே பாதி நாள் போயிற்று. பிறகு கிடங்குக் கணினியில் ஓட்டோவின் கணக்கை முடக்கினாள். ஒரு மணி நேரத்தில் 'ஓட்டோ2' வந்தது. அதையும் முடக்கினாள். 'ஓட்டோ3' வந்தது.

மென்பொருள் நிறுவனத்து ஆளைப் போனில் பிடித்தாள். தனக்குத் தானே கணக்குத் திறந்துகொள்ளும் புரோகிராமைத் தான் பார்த்ததே இல்லை என்றார் அவர். நண்பர்களுக்குக் காட்ட ஒரு படம் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்.

அதற்குள் நோமாவின் எரிச்சல் ஆவலாக மாறியிருந்தது. ஓட்டோவின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். வாடிக்கையாளர்கள் தப்பாகப் போட்ட அஞ்சல் எண்களை அது திருத்தியிருந்தது. விட்டுப்போன மாடி எண்ணைப் பழைய ஆர்டரில் தேடி எடுத்துச் சேர்த்திருந்தது. அவளுடைய இணைப்போ தப்பைத் தப்பாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டாள்.

வியாழக்கிழமை அவளுடைய பதிவுகள் பட்டியலிலிருந்து மறையத் தொடங்கின. அழித்தது ஓட்டோ3. காணாமல் போனால் மறுபடி அனுப்பும்படி நோமா தன் இணைப்பை அமைத்தாள். அது அனுப்பியது, ஓட்டோ அழித்தது. மறுபடி அனுப்பியது, மறுபடி அழிந்தது. நகோயா அம்மாள் ஒருவரின் குளியல் துண்டு மதியத்துக்குள் நாற்பத்தொரு முறை வந்து போயிற்று. அதில் மூன்று முறை, அழிவதற்குள் முகவரிச் சீட்டு அச்சாகிப் பெட்டியும் கட்டியாகிவிட்டது.

ஹிகாகி அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "இது நம்மகூட சண்டை போடுதா?"

"சண்டை மாதிரி தெரியல. பொறுமையாத் திருத்துற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை நோமா சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். அது ஓடும் கணினியைக் கண்டுபிடித்து மின்கம்பியைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு. கிடங்குக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலில் நின்றவரிடம் ஓட்டோ எங்கே என்று கேட்டாள். அவர் தயங்காமல் மூலையைக் காட்டினார்.

அங்கே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் சட்டைக் கை அழுக்காகாமல் துணியுறை மாட்டிக்கொண்டு, ஆர்டர் தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஓட்டோவை நிறுத்த வந்திருப்பதாகவும், எந்தக் கம்பியைப் பிடுங்க வேண்டும் என்று காட்டினால் போதும் என்றும் நோமா சொன்னாள்.

பெண்மணி தட்டுவதை நிறுத்தி, எழுந்து, குனிந்து வணங்கினார்.

"ஓட்டோ எங்க குடும்பப் பேருங்க. ஏதோ புது மெஷின் கெட்டுப்போய் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாப் போடுதுன்னு, மூணு நாளா நான் உங்களைத்தான் நிறுத்தப் பார்த்துக்கிட்டிருக்கேன்."