மாமனார் தன் கடைக்குப் போன் செய்த முகூர்த்தம்

கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கும்பிடச் சொன்னால் கும்பிட வேண்டும், ஓமப் புகைக்கு நடுவில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்படியும் என் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாங்கோனில் எங்கள் சனங்கள் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதற்குக் காரணம் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகம்.

நம்பர் வாடகைக்கு விடுகிற உத்தியோகம். (வீடு, சைக்கிள், சமையல் அண்டா எல்லாம் வாடகைக்குப் போகிற ஊரில் நம்பர் மட்டும் என்ன பாவம் செய்தது?) யாங்கோனின் லத்தா பகுதியில் ஒரு மொத்தக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கூப்பிடுகிறவருக்குக் காசு ஆகாத, ஒரு தடவை கேட்டால் மறக்காத போன் நம்பர்கள் எங்களிடம் இருந்தன. பர்மாக்காரர்களுக்கு ஒன்பது என்றால் ராசி. எங்களிடம் இருந்ததிலேயே அழகான நம்பரின் வாலில் வரிசையாக ஒன்பதுகள். அதைக் கடைக்காரர்களுக்கு மாத வாடகைக்கு விடுவோம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே நம்பரை ஏரியாவுக்கு ஒரு கடையாகப் பல பேருக்கு விடலாம். பசுந்தாங்கில் நின்று கூப்பிட்டால் பசுந்தாங் கடையில் மணி அடிக்கும். அதே நம்பரை மிங்கலாடோனில் நின்று கூப்பிட்டால் மிங்கலாடோன் கடையில் அடிக்கும். கூப்பிடுகிறவருக்கு இது தெரியாது. கடைக்காரர் வாயைத் திறந்து கேட்டாலொழிய அவருக்கும் தெரியாது. "நாம பொய்யா சொல்றோம்? கேக்காததைச் சொல்லாம இருக்கோம், அவ்வளவுதான்" என்பார் எங்கள் முதலாளியம்மா டோ மியா, பர்மிய மொழியில், மிகவும் சாந்தமாக. எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. டை வேறு கட்டியிருந்தேன்.

அந்த டையோடுதான் பசுந்தாங்கில் ஊ முத்தையாவின் பட்டறைக்குள் நுழைந்தேன். (ஊ, டோ, கோ எல்லாம் பர்மாவில் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை.) ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் தொழில். கரண்ட் நம்மைக் கேட்டுக்கொண்டு போகாத ஊரில் அவர் ஒரு முக்கியஸ்தர். நம்பரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை ஒம்பதா? இது எனக்கா தம்பி?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான்" என்றேன். (உங்களுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நினைத்து அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.) அதே நம்பரை ஏற்கெனவே மிங்கலாடோனில் கோ ஜோ என்கிற ஜெனரேட்டர்காரருக்கும் லத்தாவில் இன்னொருவருக்கும் விட்டிருந்தேன்.

ஊ முத்தையா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தன்னிடமிருந்த ஜெனரேட்டர்கள் அத்தனையிலும் அந்த நம்பரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதினார். சரக்கு வண்டியின் இரண்டு பக்கமும் எழுதினார். ஊர் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த பழைய நம்பரை, "ஒரு கடைக்கு எதுக்கு ரெண்டு நம்பரு" என்று காசு போடாமல் விட்டுவிட்டார். அது செத்து, கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. அவர் பெயிண்ட் அடிக்க அடிக்க, அதைப் பார்த்து மிங்கலாடோனிலிருந்து கூப்பிட்டவர்களால் கோ ஜோவுக்கு வேலை பெருகியது. ஊ முத்தையாவுக்கு என்ன பெருகுகிறது என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

ஊ முத்தையாவின் பட்டறையில் போன் எடுப்பது அவர் மகள் வள்ளி. லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியது என் கடமை. கடமையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, தினமும் சோதித்தேன். இரண்டு வீட்டிலும் விஷயம் தெரிந்து, சாதகம் பார்த்து, மிங்கலாடோனில் என் அத்தை வீட்டுப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மண்டபம் எங்கே என்று கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காதல் அப்படிப்பட்டது.

நடுவில் ஒரு நாள் வள்ளி கேட்டாள். "நம்ம பழைய வாடிக்கை ஒருத்தரு மிங்கலாடோன் பக்கத்துல இருந்து நம்பருக்கு அடிச்சாராம். யாரோ ஆம்பளை எடுத்து, இதோ வரேன்னு சொன்னாராம். இங்க நான்தானே எடுக்கிறேன்?"

"சிக்னல் பிரச்சினையா இருக்கும்" என்றேன்.

"சிக்னல்ல குரலு கூடவா மாறும்?"

"சில சமயம் மாறும்" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பர்மியத்தில் 'ஆநாதெ' என்று ஒரு சொல் உண்டு. நாம் ஒன்றைச் சொல்லப்போய் எதிராளியின் மனம் சங்கடப்படுமே என்று தயங்குகிற சங்கோஜத்துக்கு அந்தப் பெயர். இந்த ஊரில் அது நல்ல குணம். எனக்கு இருப்பது அந்த நல்ல குணம்தான் என்று நான் மனதார நம்பினேன். எனக்கு இருந்தது வெறும் பயம்.

முகூர்த்தத்தன்று காலை மண்டபம் நிறைந்திருந்தது. வைகாசிப் புழுக்கம். நான் மாலையும் கழுத்துமாக, கையில் காப்பு கட்டி, மணையில் உட்கார்ந்திருந்தேன். சடங்கு முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று ஐயர் சொல்லியிருந்தார். எதிர்பார்த்தபடி கரண்ட் போயிற்று. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் பாதியில் நின்றது. "மீ பியெட்டுப் போச்சு" என்று நாலு பேர் கரண்ட் போனதை அறிவித்தார்கள். வாசலில் மாமாவின் (ஊ முத்தையாவை இனி அப்படித்தானே சொல்ல வேண்டும்) ஜெனரேட்டர் புதுப் பெயிண்டோடு தயாராக நின்றது. அது கம்பீரமாக உறுமி, மின்விசிறிகளை ஒரு சுற்று சுற்ற வைத்து, இருமி, கரும்புகை விட்டு, அடங்கிப்போனது.

மாமா பட்டு வேட்டியோடு போய்த் திறந்து பார்த்தார். கையெல்லாம் எண்ணெயோடு திரும்பி வந்தார். கரண்ட் இல்லாமலும் தாலி கட்டலாம், சாஸ்திரத்தில் ஜெனரேட்டர் கிடையாது என்று ஐயர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். மாமா கேட்கவில்லை. ஜெனரேட்டர்காரன் மகள் கல்யாணம் விசிறி ஓடாமல் நடந்தது என்று நாளைக்கு ஊர் பேசினால் அவர் தொழில் என்ன ஆவது? பட்டறையில் விட்டு வந்த மெக்கானிக்கின் கைப்பேசிக்கே அவர் பேசியிருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் தன் நம்பரின் பெருமையைக் காட்ட அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு, எல்லாரும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்க சம்பந்தி, நம்ம நம்பருக்கு ஒரு போனு. வண்டி பறந்து வரும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது மிங்கலாடோன். அந்தப் போன் பசுந்தாங் போகாது. மணையில் இருந்தபடியே "மாமா, மாமா" என்று கையை ஆட்டினேன். "அவசரப்படாதீங்க மாப்ள, தாலி கட்டிடலாம்" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது.

மறுமுனையில் ஓர் ஆண் குரல் எடுத்தது. மாமா அதைப் பேசவே விடவில்லை. "நான்தான் பேசறேன். கோயில் மண்டபத்துக்கு ஒரு மீசெட் அனுப்பு, சீக்கிரம்" என்று பர்மியத்தில் உத்தரவு போட்டார். மீசெட் என்றால் ஜெனரேட்டர்.

"சரி ஊலே, பக்கத்துலதான். பத்து நிமிஷம்" என்றது குரல். (ஊலே என்பது பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவது.)

"பசுந்தாங்குல இருந்து பத்து நிமிஷமா?" என்று மாமா போனை ஒரு தரம் பார்த்தார். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பி, "நம்ம ஆளுங்க அப்படித்தான்" என்றார்.

சொன்னபடியே ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. பக்கவாட்டில், பச்சைப் பெயிண்டில், அதே ஒன்பதுகள். கோ ஜோ இறங்கினார். செத்துக் கிடந்த ஜெனரேட்டரில் சிவப்புப் பெயிண்டில் தன் நம்பரைப் பார்த்தார். மாமா வண்டியில் தன் நம்பரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"என் நம்பரை ஏன்யா எழுதி வச்சிருக்க?" என்று மாமா கேட்க, கோ ஜோ அதையே மரியாதையோடு திருப்பிக் கேட்டார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் கல்யாண வீடாயிற்றே என்று, கோ ஜோ சண்டை போட்டுக்கொண்டே ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் தொழில் பக்தி என்னைக் கவிழ்க்கப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் வள்ளி தலையைக் குனிந்தபடி, "அவரு யாரு?" என்றாள்.

இதற்கு மேல் சிக்னலைச் சொல்ல முடியாது. குங்குமம் எடுக்க ஐயர் எங்களுக்கு நடுவில் குனிந்திருந்தார். அவர் அங்கவஸ்திரத்தில் குத்தியிருந்த குட்டி மைக் பேட்டரியில் ஓடுவது. அது காலையிலிருந்து அணையவே இல்லை. ஸ்பீக்கருக்குத்தான் கரண்ட் இல்லாமல் இருந்தது. நான் வள்ளி காதுப் பக்கம் சாய்ந்து கிசுகிசுக்க ஆரம்பித்த அதே நொடியில் கோ ஜோ சுவிட்சைப் போட்டார்.

விசிறிகள் சுழன்றன. விளக்குகள் எரிந்தன. மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் என் குரல் கணீரென்று வந்தது. "அந்த நம்பரை உங்க அப்பாவுக்கு, அவருக்கு, லத்தாவில இன்னொருத்தருக்குன்னு மூணு பேருக்கு நான்தான் விட்டேன். சொன்னா உங்கப்பா வருத்தப்படுவாருன்னு சொல்லல."

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா மேடைக்கு அருகில் வந்தார். அவர் கத்தியிருந்தால் தேவலை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இத்தனை நாளா நான் பெயிண்ட் அடிச்சதெல்லாம் யாருக்கு மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் நான் வாங்கிக்கொண்டது வாடகை மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வருஷக்கணக்காக அவர் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையை, ஒன்பதுகளைக் காட்டி ஆசையைத் தூண்டி, யார் வீட்டு மணியையோ அடிக்க விட்டிருந்தேன்.

முகூர்த்தம் முடிகிற நேரம் நெருங்கியது. "நீ என்னம்மா சொல்றே?" என்று மாமா மகளைக் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். போகத்தான் வேண்டும்.

வள்ளி என்னைப் பார்த்தாள். "இனிமே நான் ஒண்ணு கேட்டா நேரா பதில் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"மைக்குல சொல்லுங்க."

நான் ஐயரின் மார்புப் பக்கம் குனிந்து, "சொல்வேன்" என்றேன். ஐயர் கூச்சத்தில் நெளிந்தார். (வீடியோவில் அந்த இடத்தில் நான் ஐயரிடம் ஏதோ சத்தியம் செய்து கொடுப்பது போல இருக்கும்.) மாமா என் பக்கம் திரும்பினார். "எனக்கு இப்ப நம்பரே இல்ல மாப்ள. பழசு போயிடுச்சு. புதுசு என்னுது இல்ல. உங்க சொந்த நம்பரைக் குடுத்துட்டு தாலியைக் கட்டுங்க" என்றார். கொடுத்தேன். கோ ஜோவின் விசிறிக் காற்றில் தாலி கட்டினேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமாவும் கோ ஜோவும் ஒரே வண்டியில் ஏறி லத்தாவுக்கு, அந்த மூன்றாவது ஆளைப் பார்க்கப் போய்விட்டார்கள். மகளை வழியனுப்பக்கூட அவர் நிற்கவில்லை. அடுத்த வாரம் நான் வேலையை விட்டேன். டோ மியா வருத்தத்தோடு, "நாம என்ன பொய்யா சொன்னோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆநாதெ, சொல்லாமல் வந்துவிட்டேன்.

என் நம்பரில் ஒரு ஒன்பதுகூட உருப்படியாக வராது. எனக்கே சில நேரம் மறந்துபோகும். இப்போது அதுதான் ஜெனரேட்டர்கள் அத்தனையிலும், வண்டியின் இரண்டு பக்கத்திலும் சிவப்பாக இருக்கிறது. ஊரில் கரண்ட் போனால் வீட்டில் எல்லாரும் விசிறியைப் பார்க்க மாட்டார்கள், என் சட்டைப் பையைப் பார்ப்பார்கள். குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து எடுத்திருக்கிறேன். என் மகனின் காதுகுத்தில், அவன் மடியில் வீறிடும்போது, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்திருக்கிறேன்.

மற்ற மாமனார்கள் விசேஷ வீடுகளில் மருமகனை அறிமுகப்படுத்தும்போது படிப்பையும் சம்பளத்தையும் சொல்வார்கள். என் மாமனார் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே ஒரு தகுதியைத்தான் சொல்வார். வீட்டில் எல்லாரும் அதற்காகவே காத்திருந்து கூடவே சேர்ந்து சொல்வார்கள்:

"நம்ம மாப்ள. இவருக்கு அடிச்சா இவரே எடுப்பாரு."