சம்பந்தி கண்ணில் பட்ட மேஜை

எர்மெக் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்து இழுத்ததும், அடுத்த அறையில் தொலைக்காட்சி அணைந்தது.

"ஏங்க, அது டிவியோடதுங்க!" என்று சமையலறையிலிருந்து ரௌஷன் கத்தினாள்.

திரும்பச் செருகினார். தொலைக்காட்சி வந்தது. கம்ப்யூட்டர் போனது.

"எது எதோடதுன்னு எவனுக்குத் தெரியும்? எல்லாம் கறுப்பா இருக்கு!"

"தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி, மத்தியானத்துக்குள்ள இந்தக் குடல் மாலையை ஒழிச்சுக் கட்டுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க. பொண்ணு கொடுத்த வீடா, கரண்டு ஆபீசான்னு கேக்கப்போறாங்க."

எர்மெக் எழுந்தார். மேஜையின் மூலை முழங்காலில் ணங்கென்று இடித்தது. தினம் ஒரு முறையாவது இடிக்கும். அவர் கோபித்துக்கொள்வதே இல்லை. 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று தடவிக்கொடுப்பார், முழங்காலை அல்ல, மேஜையை.

அப்படி ஒரு மேஜை அது. ஜார் காலத்து ஓக் மரம், சிங்கப் பாதம், பித்தளைக் கைப்பிடி. இழுப்பறைகளில் ஒன்று திறக்கவே திறக்காது. கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிற எர்மெக்குக்கு அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் கோடு நேராக வரும்.

அது வந்த கதையை அல்மாட்டியில் அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. மகள் ஐசுலுவின் நிச்சயத்துக்காகத் தராஸ் ஊருக்குப் போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் எர்மெக்கை மட்டும் இந்த மேஜைக்கு நேர் எதிரே, மரியாதையாக உட்கார வைத்தார்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் இரண்டாவது கிண்ணம் உள்ளே போனதும், "அடடா, என்ன மேஜை!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அவர்கள் வழக்கப்படி, சம்பந்தி வாய் திறந்து ஒரு பொருளைப் பாராட்டிவிட்டால் பிறகு அது சம்பந்தியுடையது. கொடுக்காவிட்டால் ஏழு தலைமுறைக்கு அவமானம். அவர் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் நான்கு ஆட்கள் மேஜையைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கயிறுகூடத் தயாராக இருந்தது. இப்படி ஒரு தாராள மனசா என்று எர்மெக் அன்று கண்கலங்கினார்.

இப்போது மும்முரமாக வேலையில் இறங்கினார். பழைய பிரிண்டரின் ஒயர், அந்தப் பிரிண்டருக்கு முந்தைய பிரிண்டரின் ஒயர், எதற்கும் சேராத சார்ஜர்கள் எல்லாவற்றையும் உருவிப் பெட்டியில் போட்டார். மிச்சத்தைச் சுவரோரமாக இழுத்துவிட்டு, துணியால் மேஜையைத் துடைத்து, நாலடி பின்வாங்கிப் பார்த்தார்.

மேஜை ஜொலித்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை நிற்பது போல் நின்றது.

"ரௌஷன், ஓடி வா! நம்ம மேஜையைப் பாரு!"

அந்த நேரம் பார்த்துத் தராஸிலிருந்து ஐசுலு போன் செய்தாள்.

"அப்பா, விடியறதுக்கு முன்னாலயே முலாம்பழம் ஏத்திக்கிட்டு மாமாவும் அத்தையும் லாரியிலயே கிளம்பிட்டாங்க. சரக்கை மார்க்கெட்டுல இறக்கிட்டு நேரா நம்ம வீட்டுக்குத்தான்."

"அப்போ திரும்பும்போது லாரி காலியா?"

"காலிதான். அப்பா, அத்தை ராத்திரியெல்லாம் தூங்கலப்பா. 'உங்க அப்பா வீட்டுல எதைப் பாராட்டுறது, எதை விடுறது'ன்னு ஒரே யோசனை. ஒண்ணையுமே பாராட்டாமத் திரும்பினா உங்களுக்கு மரியாதைக் குறைச்சலாம்."

எர்மெக் போனை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார். அது முன்னைவிட அதிகமாக ஜொலித்தது.

"போச்சு ரௌஷன், போச்சு! சம்பந்தி குல்பாரா அம்மா இதைப் பாத்தா விடுவாங்களா? காலி லாரி வேற!"

"அவங்க கொடுத்தது, அவங்க கேட்டா கொடுங்க."

"உயிரைக் கேட்டாக் கொடுக்கிறேன். மேஜையைக் கேட்டா எப்படிக் கொடுப்பேன்?"

ஓடிப்போய் ஒரு பட்டுப் போர்வையைக் கொண்டுவந்து மேஜைமேல் போர்த்தினார்.

ரௌஷன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நல்லாப் போத்துனீங்க! புதுப்பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு. முக்காட்டைப் பாத்தா விலக்காம விடுவாங்களா நம்ம ஜனங்க?"

போர்வை போனது. பெட்டியிலிருந்த ஒயர்களையெல்லாம் திரும்ப அள்ளி மேஜைமேல் கொட்டினார். பழைய அலங்கோலம் திரும்பியது. எர்மெக்குக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஒரு ஒயர் தொங்கினாலும் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். வர்றவங்களுக்கு நீங்களே மாவைத் தேச்சு, கறியை வேகவச்சு பெஸ்பார்மக் பண்ணிப் போடுங்க!" என்றாள் ரௌஷன். அவள் சொன்னால் செய்வாள்.

தொங்கவும் கூடாது, மேஜை தெரியவும் கூடாது. எர்மெக் சுற்றிச் சுற்றி நடந்தார். மூலை முழங்காலில் இடித்தது. இடித்த வேகத்தில் யோசனை உதித்தது. கட்டிவிடலாம்! எல்லா ஒயரையும் மேஜையோடு மேஜையாக, பிரிக்கவே முடியாதபடி கட்டிவிட்டால்? மேஜையைத் தூக்கினால் கம்ப்யூட்டரும் டிவியும் சேர்ந்து வரும். மனசாட்சி உள்ள எவரும் கேட்க மாட்டார்கள்.

கட்டுவதற்குக் கயிறு இல்லை. கூடாரம் கட்டுவதற்கென்று ரௌஷன் கம்பளி நூலில் நெய்துவைத்திருந்த சிவப்பும் நீலமுமான நாடாக்கள் கண்ணில் பட்டன. ஒயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, நாடாவைச் சுற்றி, சிங்கப் பாதத்தில் ஒரு முடிச்சு, இழுப்பறையில் ஒரு முடிச்சு என்று கட்டினார். அசிங்கமாகக் கட்டத்தான் நினைத்தார். வரைபடம் போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. எல்லாம் இடைவெளி பிசகாமல், முடிச்சுக்கு முடிச்சு ஒரே அளவாக விழுந்தது.

கடைசி முடிச்சு இறுகும்போது வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

குல்பாரா அம்மாள் கட்டியணைத்து, முகர்ந்து, முத்தமிட்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே முலாம்பழத்தை அணைத்தபடி சம்பந்தி ஒராஸ். அவர் பேசவே மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். இரண்டு பேரும் மேஜையைப் பார்க்காமலே அதன் மூலையை அழகாக வளைந்து கடந்து உட்கார்ந்தார்கள். சம்பந்திகளின் நடையே தனி என்று எர்மெக் வியந்தார்.

சாப்பாடு ஆயிற்று. தேநீர் வந்தது. குல்பாரா அம்மாளின் பார்வை அறையைச் சுற்றியது. கம்பளத்தில் நின்றது, அலமாரியில் நின்றது, மேஜையில் வந்து நிலைத்தது. எர்மெக் பலகாரத் தட்டைக் கையில் எடுத்தார்.

"இந்த..." என்று தொடங்கினாள்.

"சம்பந்தியம்மா, பவுர்சாக் எடுத்துக்குங்க! சூடா இருக்கு!"

எடுத்துக்கொண்டாள். மென்றாள். "இந்த..."

"தேநீர் ஊத்தட்டுமா? பால் போதுமா?"

"அட, என்னைப் பேசத்தான் விடுங்களேன்!" என்று அவள் கையை உயர்த்தினாள். பக்கத்தில் ஒராஸ் கிண்ணத்தைச் சட்டென்று கீழே வைத்தார். "இந்த ஒயரையெல்லாம் கட்டியிருக்கிற அழகைப் பாருங்க! அடடா, என்ன கட்டு! என்ன நாடா!"



"ஒயரா?" என்றார் எர்மெக்.

"ஒயர்தான்."

"ஒயர் மட்டுமா?"

"ஒயர் மட்டும்தான்."

எர்மெக்குக்குத் தலைகால் புரியவில்லை. "எடுத்துக்குங்க! எல்லாத்தையும் எடுத்துக்குங்க! உங்களுக்கில்லாத ஒயரா!" என்று துள்ளி எழுந்தார். மூலை இடித்தது. யாருக்கு வலித்தது? முடிச்சுகளை அவிழ்த்தார், பிளக்குகளைப் பிடுங்கினார், நாடாவோடு சேர்த்துச் சுருட்டினார். தொலைக்காட்சி அணைந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. இணையத்தின் பச்சை விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது.

"ஏங்க," என்று ரௌஷன் அவர் காதில் கிசுகிசுத்தாள், "சாயங்காலம் வரைபடம் அனுப்பணும்னீங்களே?"

"வேலை கிடக்கு கழுதை! மேஜை தப்பிச்சுது!"

ஒயர்கள் அத்தனையும் ஒரு மாவுச் சாக்கில் அடங்கின. குல்பாரா அம்மாள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சுவிட்டபடி லாரியில் ஏறினாள். எர்மெக் மூன்று மாடியும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வந்து, மொட்டையாக, கம்பீரமாக நின்ற மேஜையைக் கட்டிப்பிடித்தார்.

கதவு தட்டப்பட்டது. ஒராஸ். தொப்பியை மறந்துவிட்டாராம். தொப்பியை எடுத்தவர் போகவில்லை. மேஜையைப் பார்த்தார், எர்மெக் தேய்த்துக்கொண்டிருந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு தன் பேண்ட்டை மெல்ல உயர்த்திக் காட்டினார். அதே இடத்தில், அதே அளவில், ஒரு பழைய தழும்பு.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி," என்று வாழ்நாளில் முதல்முறையாக நீளமாகப் பேசினார் ஒராஸ், "எங்க இவ வாய்தவறி மேஜையைப் பாராட்டிடுவாளோன்னு எனக்கு வழியெல்லாம் உயிரே இல்ல, ஏன்னா இருபது வருஷமா வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரையும் அதுக்கு எதிரேதான் உட்கார வச்சோம், நல்லா இருக்குன்னு சொன்ன ஒரே மனுஷன் நீங்கதான்!"