மாப்பிள்ளை, கைய எடுங்க!

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கரையிலிருந்து உங்கள் மாப்பிள்ளை கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் இந்தக் கடிதம் வரும்போது உங்களுக்கு உடம்பும் சாப்பாடும் நன்றாக இருக்கட்டும். இங்கே உங்கள் மகள் நலம், குழந்தை நலம், அத்தை மிக மிக நலம். என் நலத்தைப் பற்றித்தான் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

மாமா, நீங்கள் சம்பளத்துக்காகத்தான் கடலுக்குப் போனீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் அத்தை மின்பிரிவுப் பொறுப்பாளராக வந்து சேர்ந்த பிறகுதான் வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் நான் உட்கார்ந்தால் மின்விசிறி என் பக்கம் திரும்பும். தோசை முதலில் என் தட்டில் விழும். அதே அத்தை, தலையில் மஞ்சள் தொப்பி ஏறியதும் ஆளே மாறிவிடுகிறார். மரியாதை மட்டும் மாறுவதில்லை, அதுதான் பெரிய கொடுமை. "மாப்பிள்ளை, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குங்களா?" என்று 'ங்க' போட்டே திட்டுகிறார். நான் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர், மாமா. என் ஆட்கள் முன்னாலேயே இது நடக்கிறது.

போன வாரம் ஒருநாள், "நம்ம லைனுக்கு பஸ் வருது மாப்பிள்ளை" என்றார். ஊழியர்களுக்கு வண்டி விடப்போகிறார்கள் என்று நம்பி, ஜன்னலோர இடம் எனக்கு என்று சொல்லிவைத்தேன். வந்தது கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பெட்டிகள். மாட்யூல் என்றார்கள். இயந்திரத்துக்கு ஒன்றாக மாட்டி, எல்லாவற்றையும் ஒரே ஊதாக் கேபிளால் வரிசையாகக் கோத்துவிட்டால், சோப்பு வெட்டுகிற இயந்திரமும் முத்திரை குத்துகிற இயந்திரமும் காகிதம் சுற்றுகிற இயந்திரமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமாம். அந்தப் பேச்சு போகிற பாதைக்குத்தான் பஸ் என்று பெயராம். எங்கள் மேலாளர் எதற்கெடுத்தாலும் "அவசரம், அவசரம்" என்பதால் அவருக்கு அவசரம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சோப்பு வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள், அதற்குள் எல்லாம் ஓடியாக வேண்டும் என்று குதித்தார். அத்தை ஒரே ஆளாக எவ்வளவுதான் செய்வார் என்று, முழுக்க முழுக்க நல்லெண்ணத்தில், அவர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துக் கேபிளை நானே இழுத்தேன். மோட்டாருக்குப் போகிற தடித்த கம்பியோடு சேர்த்து, ஜடை பின்னியதுபோல் கட்டினேன். ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஓர் எண் வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. எனக்கு ஏழுதான் ராசி. வெட்டுகிறதற்கும் ஏழு வைத்தேன், சுற்றுகிறதற்கும் ஏழு வைத்தேன்.

அவசரம் சார் "போட்டுத்தான் பாருங்களேன்" என்றார். போட்டோம். வெட்டுகிற இயந்திரம் வெட்டித் தள்ளியது. சுற்றுகிற இயந்திரமோ, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சோப்புகள் வந்து மோதி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் அருவியாகத் தரையில் கொட்டின. ஓடிவந்த அவசரம் சார் ஒரு சோப்பின் மேல் கால் வைத்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் சொன்ன வேகத்திலேயே போய்ச் சேர்ந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேனலைத் திறந்து அந்த மாட்யூலைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். உள்ளே மின்சாரம் இருந்தது.

"மாப்பிள்ளை, கைய எடுங்க!"

அந்தக் குரல் கப்பலுக்கே கேட்டிருக்கும். அத்தை சிவப்புப் பொத்தானை ஒரு தட்டுத் தட்ட, எல்லாம் நின்றது. என் ஜடையைப் பார்த்தார், என் இரண்டு ஏழுகளையும் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே நம்பர் வச்சா, கூப்பிட்டதும் ரெண்டும் ஒண்ணா பேசும். நீங்களும் என் பொண்ணும் ஒரே ஃபோன்ல பேசுவீங்களே, அந்த மாதிரி. கேக்கறவங்களுக்கு ஏதாவது புரியுதா? அப்புறம் இந்தக் கேபிள். மோட்டார் கம்பி ஓயாம கத்தும். கத்தற ஆள் மடியில உக்காந்துகிட்டு யாராவது ரகசியம் பேசுவாங்களா? அவுத்துடுங்க. தனி வழியா இழுங்க. நான் கூட இருக்கறப்ப மட்டும்."

அவிழ்ப்பதற்கு முன்னால் நடந்த சடங்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு பூட்டுப் போட்டார். அது போதாதென்று என் கையிலும் ஒரு பூட்டைக் கொடுத்து, "உங்க பூட்ட நீங்களே போடுங்க, சாவி உங்க பையிலயே இருக்கட்டும்" என்றார். பிறகு, மோட்டார் பெட்டிகளுக்குள் மிச்சமிருக்கிற மின்சாரம் வடியட்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்தார். அந்த டெஸ்டர் சரியா என்று மின்சாரம் இருக்கிற வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். "அத்தை, கோயில் நகைக்குக்கூட இத்தனை பூட்டு கிடையாது" என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

கேபிளைப் பிரிப்பதற்காக நான் வெட்டுகிற இயந்திரத்துக்குள் தோள்வரை கையை விட்டுப் படுத்திருந்தேன். கத்தி என் முழங்கைக்கு மேலே. கூடவே இருந்த அத்தை, ஏதோ ஒரு சாமான் எடுக்க ஒரு நிமிடம் ஸ்டோருக்குப் போயிருந்தார். அப்போது அவசரம் சார் வந்தார். என் தலை அவருக்குத் தெரியவில்லை. லைன் நிற்பது மட்டும்தான் தெரிந்தது. நேராக மெயின் சுவிட்சுக்குப் போய்க் கைப்பிடியை மேலே தள்ளினார். பூட்டில் இடித்து டணங்கென்று சத்தம் கேட்டது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் டணங். "யாருய்யா இதப் பூட்டினது?" என்று கத்தினார்.

"நான்தான் சார்" என்றேன், உள்ளேயிருந்து.

மாமா, அந்த மனிதர் முகம் வெளுத்ததை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். நான் வெளியே வந்து ஓர் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். பெட்டி ஆடுகிறது என்று நினைத்தேன், ஆடியது நான். ஓடிவந்த அத்தை திட்டுவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கையக் காட்டுங்க" என்றார். சந்தையில் வெண்டைக்காய் பார்ப்பதுபோல் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு. என் பொண்ணு முழுசா ஒரு ஆளத்தான் கட்டிக்கிட்டா. முழுசாத்தான் வீட்டுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு டீ வாங்க எழுந்து போனார்.

அதற்குப் பிறகு யாரும் பூட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேபிள் தனி வழியில் போனது, அதன் உறைக்குள் சுற்றியிருந்த கம்பிவலை எர்த்தில் சேர்ந்தது, ஆளுக்கொரு எண் ஆனது. இரண்டு கோடியிலும் பேச்சு முட்டித் திரும்பி வராமல் இருக்க முடிவுக் குமிழ் என்கிற சின்ன சுவிட்சை அத்தை போட்டார். எல்லோரும் வெளியே வந்து அவரவர் பூட்டை எடுத்தோம். மின்சாரம் வந்தது. பச்சை, பச்சை, பச்சை. அப்புறம் சிவப்பு! எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இது நான் பண்ணின தப்பு. கடைசியில போடவேண்டிய குமிழ நடுவுலயும் போட்டுட்டேன். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. பூட்டுங்க மறுபடியும்!" தன் தப்புக்கும் அதே இரண்டு பூட்டு, அதே கடிகாரம், அதே டெஸ்டர். அவசரம் சார் கைகட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இந்த முறை எல்லாம் பச்சை. முதல் சோப்பு வந்தது, முத்திரை வாங்கியது, காகிதம் உடுத்திக்கொண்டு கல்யாண மாப்பிள்ளைபோல் நடந்து போனது. அடுத்தது, அடுத்தது. கூடமே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள், அது அத்தைதான் என்று பிறகு தெரிந்தது. அவசரம் சார் நெடுநேரம் பார்த்து நின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவாக்கூட ஓட்டலாமே, பாக்க நல்லாருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை வந்தவர்களும் பார்த்து மகிழ்ந்து போனார்கள்.

எல்லாம் சரி. ஆனால் மாமா, இப்போது லாரி ஓட்டுநர் முதல் அவசரம் சார் வரைக்கும் என்னை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அத்தை மிக்சியைக் கழுவுமுன் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, கழுவி முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார். உங்கள் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடக்கிறாள். ஆகவே, அத்தையை ஒரு மாதமாவது உங்களிடம் அழைத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கப்பலிலும் பேனல்கள் இருக்குமே!

காற்று உங்களுக்குச் சாதகமாக வீசட்டும். பெரியவர் ஆசி எங்களுக்குத் தரை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
எல்லா விரல்களும் உள்ள,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு செய்தி. மின்பிரிவில் உதவியாளர் இடம் ஒன்று காலியாம். இன்று காலை விண்ணப்பித்துவிட்டேன். நேர்காணல் எடுப்பவர் அத்தை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கடலில் போட்டுவிட்டு, என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை அவருக்கு உடனே எழுதவும். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். அவசரம்.