செல்வநாயகியின் காலைச் சாப்பாடும் பரணில் இருந்த தட்டமும்

சிவமயம்

சண்டிலிப்பாய்,
நல்லூர்த் தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள்.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் தம்பிராசா அவர்கட்கு, உமது தங்கை செல்வநாயகியின் கணவன் சீவரத்தினம் எழுதிக்கொள்வது. பிள்ளையாரின் அருளால் எங்கள் இருவருக்கும் பெரிய குறை ஒன்றுமில்லை. சின்னக் குறைகளை எழுதத்தான் பேனை எடுத்திருக்கிறேன். நீரும் மச்சாளும் உம்முடைய மகள் தனுசியாவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும்.

மச்சான், நேற்றும் போனில் கதைத்தோமே, பிறகேன் கடிதம் என்று நீர் நெற்றியைச் சுருக்குவீர். போனில் கதைத்தால் உம்முடைய தங்கச்சி பக்கத்தில் வந்து நின்று நான் விடுகிற மூச்சுக்கும் பொழிப்புரை சொல்லுவாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். முப்பத்தொன்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளுக்கு ஒரேயொரு துரோகம் செய்திருக்கிறேன், அதுவும் இந்த மாதம்தான் செய்தேன். ஒருவருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. சொல்லத் தகுந்த ஆள் நீர்தான். ஒன்று, நீர் அவளின் அண்ணன். மற்றது, நீர் எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறீர்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை மூடிக்கொண்டு வருவது உமக்குத் தெரியும். ஒப்பரேசன் செய்தால் பழையபடி பார்வை வரும் என்கிறார் கண் வைத்தியர், ஆனால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இறங்காமல் கண்ணில் கை வைக்கமாட்டாராம். ஒரு மாதத் தவணை தந்தார். அதற்கிடையில் ஒருநாள் அவள் கிணற்றுக் கட்டு என்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் கட்டு இருக்கவில்லை. கப்பிக் கயிறு கையில் பட்டபடியால் தப்பினாள். நான் ஓடிப்போய் அவளைத் திண்ணையில் இருத்தினேன், அவளோ வாளி உள்ளே விழுந்துபோச்சே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னேரமே முடிவெடுத்தேன், எந்தப் பாடுபட்டாவது இவளின் சீனியை இறக்கிறது என்று.

காலையில் புட்டையும் பேக்கரிப் பாணையும் விட்டுவிட்டு ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார்கள். தனுசியாவும் பாவம், அங்கேயிருந்து வந்த ஒருவரிடம் இரண்டு பெரிய பைக்கற் கொடுத்துவிட்டாள். முதல் நாள் கஞ்சியாகக் காய்ச்சினாள் உம்முடைய தங்கச்சி. ஒரு கரண்டி வாயில் வைத்தாள், கோப்பையைத் தள்ளிவிட்டாள், இது சுவருக்குப் பூசுகிற சாமான், மனிசர் தின்னுகிற சாமானில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த நாள் தொடக்கம் காலைச் சாப்பாடே இல்லை. கேட்டால் நல்லூர்க் கந்தன் திருவிழா விரதமாம். விரதக்காரி பத்து மணிக்குப் பசி தாங்காமல் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன் ரீ குடித்தாள், ஒன்றல்ல, மூன்று. நான் தடுத்தேன். கண்ணும் தெரியாது, பனங்கட்டியும் இல்லையெண்டால் பிறகென்னத்துக்கு இருக்கிறது என்று கேட்டாள்.

அப்போதுதான் தனுசியா வட்ஸ்அப்பில் ஒரு செய்முறை அனுப்பினாள். ஓட்ஸோடு பால், முட்டை, கறுவா, நிறையப் பழம் எல்லாம் சேர்த்துத் தட்டத்தில் ஊற்றிச் சுட்டு, கேக் மாதிரித் துண்டு வெட்டிச் சாப்பிடுகிறதாம். சீனி ஒரு கரண்டியும் இல்லை. நான் இதைச் செல்வநாயகிக்கு விளங்கப்படுத்தினேன். ஒரேயொரு முறை, வாற வெள்ளிக்கிழமை காலமை மட்டும் வாயில் வைத்துப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் ஓட்ஸ் என்ற சொல்லே இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றாள். அதோடு தனக்குக் கண் தெரியாதபடியால் சுடுகிற வேலை என்னுடையது என்றும் சொல்லிவிட்டாள். அடுப்படியில் உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாத மனிசன் நான்.

ஒரு கப் ஓட்ஸ் என்று எழுதியிருந்தது. எந்தக் கப்? எங்கள் வீட்டில் ஏழு கப் இருக்கிறது, ஏழும் ஏழு அளவு. முப்பத்திரண்டு வருசம் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன் எப்படிக் குத்துமதிப்பில் இறங்குவது? தனுசியாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அங்கே நடுச்சாமம், பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு, கண் அளவாய்ப் போடுங்கோ மாமா என்றாள். வீட்டில் இருக்கிற பிரச்சினையே கண்தான் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. முட்டைக்கும் வழியில்லை. நல்லூர்க் கொடியேறின நாள் தொடக்கம் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கிடையாது, முட்டையும் மச்சம்தானே. முட்டைக்குப் பதில் கதலி வாழைப்பழத்தை மசித்துப் போடலாம் என்றாள் தனுசியா. பிறகு செய்முறையில் எழுதியிருந்த அந்த நீல நிறச் சின்னப் பழம். மருதனார்மடச் சந்தை முழுக்க விசாரித்தேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் பழம் விற்கிற இராசாத்தி என்கிற மனிசி, நீலப் பழம் எதுக்கு ஐயா, நாவற்பழம் கொண்டு போங்கோ, சீனி வருத்தத்துக்கு இதை விட மருந்தில்லை என்று ஒரு கடகத்தில் பாதியைச் சரித்துவிட்டாள். வியாழக்கிழமை காலமை முழுக்கக் குந்தியிருந்து கொட்டை எடுத்தேன். பத்து விரலும் ஊதா. வாசலில் என்னைக் கண்ட தபால்காரர் எந்தத் தேர்தலுக்கு ஐயா பத்து வோட்டுப் போட்டனீங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனித்தான் துரோகம் வருகிறது. கலவை தயார், ஊற்றத் தட்டம் இல்லை. இருக்கிறது எல்லாம் வளைந்தது, நெளிந்தது. செல்வநாயகி மத்தியான நித்திரை. நான் கதிரையில் ஏறிப் பரணைத் துழாவினால், வெள்ளைச் சீலையில் பொத்திக் கட்டி ஒரு அலுமினியத் தட்டம் இருக்கிறது, முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது, நாலு மூலையும் தொண்ணூறு பாகை. இவ்வளவு பக்குவமாய்க் கட்டி வைத்திருக்கிறாளே, யாரோ பெரிய விருந்தாளிக்கென்று மிச்சம் பிடித்த தட்டம் போல என்று நினைத்தேன். அவளின் கண்ணை விடப் பெரிய விருந்தாளி எனக்கு யார்? ஊற்றினேன்.

எங்களிடம் சுடுகிற அடுப்பு இல்லை. மருதனார்மடச் சந்திக்குக் கிட்டப் பேக்கரி வைத்திருக்கிற செபநாயகத்தின் போறணையில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் காலத்தில் சனம் கேக் கலவை கொண்டுபோய்ச் சுட்டு எடுக்கிறது வழமை. அந்தத் துணிவில் தட்டத்தைச் சைக்கிள் கரியரில் ரியூப் போட்டுக் கட்டி, மட்டம் குழம்பக்கூடாது என்று ஏறி ஓடாமல் உருட்டிக்கொண்டே ஒரு மணித்தியாலம் நடந்தேன். செபநாயகம் ஆச்சரியப்படவில்லை, நத்தாருக்கு இன்னும் நாலு மாதம் கிடக்குதே என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாண் இறக்கின சூட்டில் தட்டத்தை உள்ளே தள்ளினார். பத்து நிமிசம் கறுவா வாசம், வாழைப்பழ வாசம், நான் மிதந்துகொண்டு நிற்கிறேன். பிறகு இன்னொரு வாசம் மெல்லக் கிளம்பியது. பாணுக்கு நின்றவர்களில் ஒருத்தர், திருவிழா முடியமுன்னமே மீன் பணிஸ் துவங்கியாச்சோ என்று கேட்டார். செபநாயகம் தட்டத்தை வெளியே இழுத்து, குனிந்து மணந்து, என் காதுக்குள் சொன்னார்:

"அண்ணை, உது மீன் பொரிச்சு வைக்கிற தட்டம். மேலை நாவற்பழம் மணக்குது, கீழை சூடை மீன் மணக்குது."

மச்சான், ஒரு கிறிஸ்தவ வேதக்காரர் சொல்லித்தான் எனக்கு எங்கடை சைவ வழக்கம் விளங்கியது. கொடியேறப் போகுது என்றால் மீன் சட்டி, மீன் தட்டம் எல்லாவற்றையும் சாம்பலும் புளியும் போட்டு மினுக்கிச் சீலையில் கட்டிப் பரணில் ஏற்றி வைப்பார்கள் எங்கள் பெண்கள், திருவிழா முடியுமட்டும் கண்ணிலும் படக்கூடாது என்று. வீட்டில் அதிசுத்தமாய் இருக்கிற பாத்திரம்தான் தொடவே கூடாத பாத்திரம் என்று எனக்கு ஆர் சொல்லித் தந்தது?

கொட்டிவிட்டு வீட்டை போயிருக்கலாம். ஆனால் அவள் தந்தது ஒரு காலமை. அதைத் தவறவிட்டால் ஓட்ஸ் இல்லை, ஓட்ஸ் இல்லையென்றால் சீனி இறங்காது, சீனி இறங்காவிட்டால் கண் இல்லை. வீட்டை வந்து அடிமட்டத்தை எடுத்தேன். நாலு பக்கமும் ஒரு அங்குலம், அடியில் கால் அங்குலம் எல்லை விட்டு, தட்டத்தில் படாத நடுத் துண்டை மட்டும் வெட்டினேன். காணி பிரிக்கிறபோதுகூட இவ்வளவு நேர்மையாய் நான் கோடு கீறியதில்லை. வெள்ளிக்கிழமை காலமை அவள் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து இருந்தாள். முதல் வாயை மென்றாள், ஒருக்கால் நிறுத்தினாள். நான் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தேன். பிறகு மெல்ல விழுங்கினாள். முழுத் துண்டும் முடிந்தது. முடித்துவிட்டுச் சொல்கிறாள்:

"இஞ்சாருங்கோ, இன்னும் ஒரு துண்டு கிடக்கோ?"

கிடந்தது எல்லைத் துண்டு மட்டும்தான். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தேன். நல்லூர்த் திருவிழாவில், வெள்ளிக்கிழமையில், நாலு தேவாரம் படிக்காமல் பல்லில் தண்ணி படாத மனிசிக்குச் சூடை மணக்கிற துண்டைக் கொடுத்தவன் நான்தான் மச்சான், வேறை ஒருத்தருமில்லை.

அன்றே புதுத் தட்டம் வாங்கினேன். கிழமைக்கு இரண்டு முறை செபநாயகத்திடம் போய் வருகிறேன், இப்போது எனக்குக் கைப் பழக்கம் வந்துவிட்டது, பப்பாசியும் போடலாம், மாதுளையும் போடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். நானும் அவளோடு கூட இருந்து என் பங்கை ஒரு துகள் விடாமல் சாப்பிடுகிறேன், ருசிக்குக் குறை சொல்ல இடமில்லை. செய்த பாவத்துக்கு விடியப்புறம் நல்லூர் வீதியில் பிரதட்டையும் செய்தேன். அறுபத்தொன்பது வயதில் மணலில் உருண்டால் அரை வீதியில் இடுப்புப் பிடிக்கும் என்று கந்தன் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு தொண்டர்கள் தூக்கி நிமிர்த்திவிட்டார்கள். வீட்டில் வழுக்கினது என்று சொன்னேன், அதையும் அவள் நம்பினாள்.

நேற்று முன்தினம் கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். சீனி இறங்கியிருக்கிறது மச்சான்! வாற மாதம் முதல் கிழமை ஒப்பரேசனுக்கு நாள் தந்திருக்கிறார்கள். திரும்பி வருகிறபோது ஓட்டோவுக்குள் நான் அழுதுபோனேன், அவளுக்குத் தெரியாது. இனி நீர்தான் சொல்லவேண்டும், கண் திறந்த பிறகு தட்டத்துக் கதையை அவளிடம் ஒப்புக்கொள்ளவா, அல்லது என்னோடு சுடலைக்குக் கொண்டுபோகவா? போனில் சொல்லவேண்டாம். கடிதமாய் எழுதும்.

மச்சாளுக்கு என் வணக்கமும், மருமகள் தனுசியாவுக்கு அவளின் ஊதாவிரல் மாமாவின் ஆசீர்வாதமும். எல்லாரும் எல்லாச் செல்வமும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நெடுங்காலம் வாழ முருகன் துணை.

இப்படிக்கு,
உமது மைத்துனன்
க. சீவரத்தினம்

பி.கு.: அண்ணை, இது நான் செல்வநாயகி எழுதிறன். இவர் முத்திரை வாங்க மறந்து ஒரு மாதமாய்க் கடிதம் அலுமாரியிலை கிடந்தது. ஒப்பரேசன் செய்து பதினைஞ்சு நாள், எழுத்தெல்லாம் துப்புரவாய்த் தெரியுது. நான் முதல் முதல் வாசிச்சது இதைத்தான்.

அந்தத் தட்டத்தைச் சாம்பல் போட்டு மினுக்கிக் கட்டினவள் நான். எனக்குக் கண்ணிலைதான் புரை, மூக்கிலை இல்லை. முதல் வாயிலையே சூடை எண்டு தெரிஞ்சுபோச்சு. துப்பத்தான் நினைச்சன். அப்பதான் இவர் என்னவோ நேர்ந்து முணுமுணுக்கிறது கேட்டுது, வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை அண்ணை. முப்பத்தொன்பது வருசத்திலை இந்த மனிசன் எனக்கெண்டு சமைச்ச முதல் சாப்பாடு. இன்னொரு துண்டு கேட்டதும் அதுக்காகத்தான். பிரதட்டைக்குப் போனதும் தெரியும், காதுக்குள்ளை மண்ணோடை வந்தால் வேறை எங்கை வழுக்கியிருப்பார்? முருகனுக்கு நானும் சொல்லிப்போட்டன், பாவத்திலை பாதியை என்ரை பேரிலை எழுதச் சொல்லி.

இன்னொண்டு. இவர் தன்ரை பங்கை ஒரு துகள் விடாமல் சாப்பிடுறாராம். கண் திறந்த பிறகு நேற்றுக் காலமை பார்த்தன், என்னோடை இருந்து மெல்லிற மாதிரி வாயை மட்டும் அசைச்சுப்போட்டு, துண்டை வேலிக்கு மேலாலை அடுத்த வளவுக் கோழியளுக்கு எறியிறார். எவ்வளவு நாளாய் எறியிறாரோ தெரியாது, ஆள் நல்லாய் மெலிஞ்சுபோனார். நான் காணாத மாதிரி இருந்திட்டன். இண்டைக்கு அவருக்குப் புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்.

நான் வாசிச்சது அவருக்குத் தெரியவேண்டாம், ஒட்டி அனுப்பிறன். நாளைக்கு அன்னாசி போட்டுச் சுடப்போறாராம். சுடட்டும், நான் சாப்பிடுவன்.