சரவணை ரெண்டாங்கயிறு

தன் நிழலைக்கூட நம்பாமல், ஒன்று தவறினாலும் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு விளக்குகளுக்கு நடுவில் நிற்கக்கூடிய மனிதர் இந்தத் தீவுகளிலேயே ஒருவர்தான். எங்கள் சரவணை ஊரில் அவரை எல்லோரும் ரெண்டாங்கயிறு என்போம். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அடையாள அட்டைக்கும் அவரிடம் இரண்டு பிரதிகள் உண்டு.

வெளிநாட்டில் மரம் வெட்டும் கொம்பனியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, எங்கள் அயலில் இருக்கும் தமக்கையார் வீட்டுக்கு அவர் வந்திறங்கியபோது பெரிய பைகள் இரண்டும் கூடவே வந்தன. சொக்லேற்றும் வாசனைச் சோப்பும் வரும் என்று சனம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் நானும், சுகம் விசாரிக்கப் போனவள் போல முன்வரிசையில் நின்றேன். ஒரு பையைத் திறந்தார். கயிறு. மற்றதைத் திறந்தார். அதிலும் கயிறு.

"தம்பி, எங்களிட்டை ஒரு மாடுதானேடா நிக்குது?" என்றார் தமக்கையார்.

அது மரம் ஏறும் கயிறு. இடுப்பிலும் தொடையிலும் பட்டிகளை மாட்டி, கயிற்றில் பல் வைத்த பிடி ஒன்றைக் கொளுவுவார். மேலே தள்ளினால் அது வழுக்கும். கீழே இழுத்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். காலுக்கு ஒரு வளையம். இருந்து எழும்பி, இருந்து எழும்பி, மயிர்க்கொட்டிப் புழு போல மேலே போவார். பக்கத்தில், வேறொரு கொப்பிலிருந்து இன்னொரு கயிறு தொங்கும். அதில் ஒரு பூட்டு, வளர்த்த நாய் மாதிரி அவருக்குப் பின்னாலேயே ஏறி வரும். முதற்கயிறு கைவிட்டால் அது பிடிக்கும். பெயர் வந்த கதை அதுதான்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பூட்டையும் தட்டி, "பூட்டியிருக்கோ?" என்று கேட்பார். "ஓம்" என்று அவரே பதிலும் சொல்லுவார். மரத்தைச் சுற்றிச் சாம்பலால் வட்டம் போடுவார். அதற்குள் ஆளோ ஆடோ கோழியோ நிற்கக் கூடாது. ஒருமுறை என் வளவில் பலாப்பழம் பறிக்க வந்தார். ஆயத்தம் முடிவதற்குள் ஒரு பழம் தானாகவே விழுந்துவிட்டது.

"பாத்தியளே ரீச்சர், நான் வட்டம் போட்டது எவ்வளவு நல்லது!" என்றார்.

நிலத்திலும் அப்படித்தான். சாரத்துக்கு மேல் பெல்ட், பெல்ட்டுக்கு மேல் ஒரு நூல்கயிறு. தமக்கையாரின் மகளுடைய கலியாணப் பதிவுக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றதும் நான்கு பேரைக் கூட்டிப்போனார். "ஒருத்தருக்கு வயித்துக்குத்து வந்தா என்ன செய்யிறது?" என்றார்.

அவரை அதிகம் நக்கலடித்தவர் பனை ஏறும் இராசன். கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் தளைநார் ஒன்றோடு அணில் போல ஏறுவார். "அண்ணை பூட்டுகளோட கதைச்சு முடிக்க முன்னம் நான் நாலு பனை ஏறி இறங்கிடுவன்" என்பார். ரெண்டாங்கயிறும் சேர்ந்து சிரிப்பார். "ஓம், நீர் கெட்டிக்காரன்தான். ஆனா குளவிக்கு அது தெரியாதெல்லே?"

அது வாய்முகூர்த்தமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, ஆலமரம் சுற்றி அணைத்து நிற்கும் உயரப் பனை ஒன்றில் இராசன் மட்டைகள் கூடும் உச்சி வட்டுக்குப் போனதும் குளவி கிளம்பியது. கைகள் வீங்கி, தளைநாரும் கழன்று விழ, மட்டைகளுக்கு நடுவில் பனையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார். சனம் கீழே பச்சை வேப்பிலையில் புகை போட்டுக் குளவியைக் கலைத்தது. கொண்டுவந்த ஏணி அரைவாசிக்கும் எட்டவில்லை.

ரெண்டாங்கயிறு சைக்கிளில் இரண்டு பைகளோடும் வந்தார். வந்தவர் வட்டம் போட்டார்.

இராசனின் மனைவி புவனம் அழுதாள். "அண்ணை, கெதியா ஏறுங்கோவன்!"

"பிள்ளை, நானும் விழுந்தா எங்கள் ரெண்டு பேரையும் இறக்க இஞ்சை வேற ஆளில்லை."

கெற்றப்போல் கவணால், கல்லில் கட்டிய மெல்லிய நூலை எய்தார். முதல் தரம் அது ஒரு கோழிக்கூட்டைச் சுற்றியது. பிறகு எய்த இரண்டு நூல்களும் ஆலமரத்தின் இரண்டு தடித்த கொப்புக் கவர்களில் சரியாக விழுந்தன. அந்த நூல்களால் கயிறுகளை இழுத்தேற்றி, இரண்டிலும் தொங்கிப் பார்த்தார். போதாதென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரீச்சர், நீங்களும் என்னோட சேர்ந்து தொங்குங்கோ. ரெண்டு பேரின்ர பாரம் தாங்குதோ பாப்பம்." என் மாணவர்களின் பெற்றோர் முன்னிலையில், சேலையோடு, நான் தொங்கினேன்.

"பூட்டியிருக்கோ?" என்றார். இந்தமுறை சனம் முழுவதும் "ஓம்!" என்றது.

மேலே போய், கூடக் கொண்டுபோன பட்டியை இராசனுக்கு மாட்டித் தன்னோடு கொளுவினார். இராசன் வட்டிலிருந்து வழுகி வெளியே வர, இருவரும் ஊஞ்சலாகி ஒரு பக்கம் போனார்கள். முதற்கயிறு பனைமட்டையின் கருக்கில் உரசியது. அரிவாள் போன்ற அந்தப் பற்கள் கயிற்றை அறுத்துவிட்டன. இருவரும் ஒரு முழம் விழுந்தார்கள். புவனம் என் கையை நெரித்தாள்.

நின்றார்கள். இரண்டாம் கயிறு பிடித்துவிட்டது.

மேலேயிருந்து ரெண்டாங்கயிறு குரல் கொடுத்தார். "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. ஆனா ஒரு பிரச்சினை. இப்ப ஒண்டுதான் இருக்கு. ஒண்டை நம்பி இறங்க ஏலாது."

"ஐயோ அண்ணை!" என்றது இராசனின் குரல்.

ரெண்டாங்கயிறு ஆலங்கொப்பில் காலை ஊன்றி, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு குட்டைக் கயிற்றை எடுத்துக் கொப்பில் சுற்றினார். இறங்கும் கருவியை இரண்டாம் கயிற்றில் பூட்டினார். பிறகுதான் அசைந்தார். கொப்புக்குக் கொப்பு மாற்றிக் கட்டி அவர்கள் நிலத்துக்கு வர அரைமணித்தியாலம் எடுத்தது. அந்த அரைமணித்தியாலமும் ஒருவரும் நக்கலடிக்கவில்லை.

இராசனை ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகு, அறுந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டாங்கயிறு வேலியோரம் குந்தியிருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"அங்க என்னோட வேலை செய்தவன் ஒருத்தன். ஒரு கயித்தோட ஏறினவன், ரீச்சர்" என்றார். அறுந்த நுனியை விரலால் வருடினார்.

வீக்கம் வற்றி இராசன் வீடு திரும்பிய அன்றே புவனம் அவரிடம் போய் நின்றாள். "அண்ணை, பனைக்கும் ஒண்டு செய்து தாங்கோ." பனைக்குக் கொப்பு ஏது? நாலு கிழமை அதிலேயே மினக்கெட்டு, மரத்தைச் சுற்றி இரண்டு பட்டிகள் போடும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒன்றை மேலே நகர்த்தும்போது மற்றது இறுகி நிற்கும். இப்போது இராசனும் வேலணைப் பக்கத்து ஏறுகாரர் சிலரும் அதில்தான் ஏறுகிறார்கள். "சரியான சுணக்கம், ரீச்சர். ஆனா பூட்டாம ஏறினா இவள் தேத்தண்ணி தராள்" என்கிறார் இராசன்.

போன கிழமை என் வீட்டுக் கூரையில் முட்டும் வேம்பை வெட்ட ரெண்டாங்கயிறு வந்தார். உச்சியில் நின்றவர் வழக்கமில்லாமல் வேலையை நிறுத்தினார்.

"ரீச்சர், இஞ்சயிருந்து பாக்கக் கடல் என்ன வடிவாயிருக்குது தெரியுமோ?"

"வடிவைப் பிறகு பாக்கலாம், கவனமா இறங்குங்கோ!" என்று கத்தினேன். அடுப்பில் கறி கிடந்தது. அவருடைய கால் நிலத்தில் படும்வரை எனக்குக் குசினிக்குப் போக மனம் வரவில்லை.