கீழ்த்தட்டுக் குடிமகன்

அலமாரிக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. அதற்கு மேல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“இன்னொரு தடவை இழுங்க, டைரக்டரே!” என்று உள்ளே மேல்தட்டிலிருந்து கேமராக்காரி மினோரியின் குரல் வந்தது.

“இழுத்துக்கிட்டுதாம்மா இருக்கேன். கதவு வரல. என் தோள்பட்டைதான் கழண்டு வருது,” என்றான் நிஷினா.

கீழ்த்தட்டிலிருந்து சத்தமே இல்லை. அங்கே கொமுரா இருந்தார். அறுபத்தாறு வயது, ஆறடி இரண்டங்குலம், நாற்பது வருட மேடை அனுபவம். அவ்வளவையும் மடித்து, மெத்தை வைக்கும் இடத்தில் திணித்திருந்தார்கள்.

அடாச்சி வட்டாரத்தில், இரண்டாம் மாடியில், ஆறு பாய் விரித்த ஒற்றை அறை அது. ஒரு சுவர் முழுக்க அலமாரி. நடுவே ஒரு பலகை போட்டு மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்திருக்கும். முன்னால் காகிதம் ஒட்டிய இரண்டு தள்ளு கதவுகள். நிஷினா எடுக்கும் படத்தின் கதை முழுவதும் அந்த அலமாரிக்குள்தான். வருங்காலத்தில் ஓர் அரசாங்கம், நாட்டில் இடமில்லை, குடிமகனுக்கு ஆளுக்கொரு தட்டு. ஒரு நாளைக்கு ஒன்பது நிமிடம் கதவு திறக்கும். அவ்வளவுதான் வாழ்க்கை. படத்தின் பெயர் ‘கீழ்த்தட்டுக் குடிமகன்’.

அரசாங்கத்தின் காற்று மீட்டராக நடித்தது, நிஷினாவின் மனைவி மித்சுயே முட்டை வேகவைக்கும்போது வைக்கும் டைமர். கண்காணிப்புக் கண்ணாக நடித்தது ஓர் ஊறுகாய் ஜாடியின் மூடி. ஈரம் கசியும் சிறைச் சுவருக்குப் புகை இயந்திரம் வாங்க வழியில்லாததால், காலையிலிருந்து இரண்டு மணி நேரம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து அலமாரிக்குள் ஆவி பிடித்தார்கள். சுவரில் ஈரம் அற்புதமாக வந்தது. கூடவே இரண்டு கதவுகளின் சட்டங்களும் ஊறிப் பருத்து, பள்ளத்தில் இறுகி உட்கார்ந்துவிட்டன.

இந்த அறை நிஷினாவுடையது அல்ல. அவன் வேலை பார்க்கும் வீட்டுத் தரகு அலுவலகத்தின் பட்டியலில் காலியாக இருந்த அறை. சாவி அவன் பொறுப்பில் இருந்தது. மேனேஜர் குராமோச்சியிடம் அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இன்று புதன்கிழமை. அந்த நாட்டு நாட்காட்டியில் புதன் தண்ணீருக்குரிய நாள். அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று அந்தத் தொழிலில் ஒரு பயம். ஊரிலுள்ள தரகர்கள் எல்லாருமே புதன்கிழமை கடை சாத்திவிடுவார்கள். குராமோச்சியோ புதன்கிழமைகளில் பேனாவைக் கையால்கூடத் தொடமாட்டார்.

நிஷினாவின் போன படத்தை இருபத்துமூன்று பேர் பார்த்தார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்த இடத்தில் இருபத்துமூன்று பேரும் சிரித்தார்கள். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் தேடிவந்து, குனிந்து வணங்கி, “வயிறு வலிக்கச் சிரிச்சேன், ரொம்ப நன்றி” என்றார். அன்றிலிருந்து நிஷினாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் காட்டுவதைப் பார்த்து, ஒரே ஒரு மனிதராவது, ஒரு நிமிடமாவது, இது நிஜம் என்று நம்பவேண்டும். இந்த முறையும் நடக்காவிட்டால் கேமராவை விற்றுவிடுவதாக மித்சுயேயிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

“மெழுகுவர்த்தி தேய்ச்சா கதவு வழுக்கிட்டு வரும். எங்க வீட்ல அப்படித்தான் செய்வாங்க,” என்றாள் மினோரி உள்ளிருந்து.

நிஷினா ஓடிப்போய் மெழுகுவர்த்தி வாங்கிவந்து, கதவு ஓடும் பள்ளம் முழுக்கத் தாராளமாகத் தேய்த்தான். உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கின் சூட்டில் மெழுகு உருகி, கதவுக்கு அடியில் போய் வசதியாக உறைந்தது. இப்போது கதவு ஒரு விரல் அகலத்திலிருந்து மயிரிழைகூட அசையவில்லை.

“என்ன ஆச்சு?”

“ஒட்டிருச்சு.”

“வழுக்கலையா?”

“வழுக்கறதுக்கு வெச்சது பசையா மாறிருச்சும்மா. சும்மா இரு, ஈரத்தைக் காயவெச்சுப் பாக்கறேன்.”

தலைமுடி உலர்த்தியைச் செருகி முழு வேகத்தில் போட்டான். கெட்டிலை அணைக்க மறந்துபோயிருந்தான். கெட்டில், விளக்கு, உலர்த்தி மூன்றையும் தாங்கும் அளவுக்கு அந்த அறையின் மின்சாரம் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. டப்பென்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது. அறையில் ஜன்னல் வெளிச்சம் இருந்தது, அலமாரிக்குள் கும்மிருட்டு.

அந்த இருட்டிலிருந்துதான் கொமுராவின் குரல் வந்தது.

“மேல்தட்டுக்காரரே… இன்னைக்கு உங்க பக்கம் வெளிச்சம் வந்துச்சா?”

இந்த வசனத்தை நிஷினா எழுதவில்லை. அவன் கையிலிருந்த உலர்த்தி பாயில் விழுந்தது.

“எனக்கு ஒரு நூல் மாதிரி வருது. கையில பிடிச்சுப் பாத்தேன். கொஞ்சம் சூடா இருக்கு. உங்களுக்கு வேணும்னா பலகை இடுக்கு வழியா மேல அனுப்பட்டுமா?”

நிஷினா மண்டியிட்டு இடுக்கில் கண்ணை வைத்தான். ஜன்னலிலிருந்து போன ஒரே ஒரு கீற்று வெளிச்சம், கீழ்த்தட்டில் கிடந்த கிழவரின் உள்ளங்கையில் விழுந்திருந்தது. அவர் அதை ஏந்திக்கொண்டிருந்தார். சிந்திவிடக்கூடாதே என்று விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். பிறகு, அந்த வெறும் கையை அவ்வளவு பத்திரமாக மேலே தூக்கி, பலகை இடுக்கில் நீட்டினார். மேலே, அதே இடுக்கு வழியாக மினோரியின் கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் அசையாமல் எரிந்தது. அது பாட்டரியில் ஓடும் கேமரா.

நிஷினாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முட்டை டைமரும் ஊறுகாய் மூடியும் எங்கே போயின என்றே தெரியவில்லை. மெத்தை வைக்கிற பொந்துக்குள் ஒரு நாடு இருந்தது, அதன் சட்டம் இருந்தது, அதில் ஒரு மனிதர் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார். கதையை எழுதியவனே வாயைப் பொத்திக்கொண்டான். இந்த மனிதருக்கு மதியச் சாப்பாடாக ஒரு சோற்று உருண்டை மட்டும் வாங்கிக்கொடுத்தோமே என்று வெட்கமாக இருந்தது. ‘கட்’ என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. குராமோச்சி.

“நிஷினா, லீவு நாள்ல தொந்தரவு. புதன்கிழமைனு எனக்கும் தெரியும், மனசே இல்லாமதான் வந்திருக்கேன். ஒருத்தர் அந்த அடாச்சி ரூமை இன்னைக்கே பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ஸ்டேஷன்லேர்ந்து நடந்துட்டே இருக்கோம்.”

“சார், இன்னைக்கு வேண்டாம்! அங்க… அங்க பூசணம் பிடிச்சிருக்கு!”

“அப்படியா? நல்லதாப் போச்சு. குறையை முதல்லயே காட்டிட்டா நம்ம மேல மரியாதை வரும்.”

“சாவி எங்கிட்ட இருக்கே, சார்!”

“எங்கிட்ட மாத்துச் சாவி இருக்குய்யா. நீ நிம்மதியா ரெஸ்ட் எடு.”

நிஷினா பாய்ந்தான். கெட்டிலைக் குளியலறைக்குள் எறிந்தான். வயரைச் சுருட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். இடுக்கு தெரியக்கூடாதே என்று கதவை எதிர்ப்பக்கம் தள்ளினான். அவ்வளவு நேரம் திறக்க மறுத்த கதவு, மூடுவதற்கு மட்டும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய்ச் சிக்கென்று சாத்திக்கொண்டது.

“கொமுரா சார், கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருங்க. ஆபீஸ்லேர்ந்து வராங்க!” என்று காகிதத்தோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தான்.

உள்ளே ஒரு நடுக்கம். “ஆபீசருங்களா? இன்னைக்கேவா? நான் ஒரு தப்பும் பண்ணலையே…”

“மினோரி! இவர் நடிக்கறாரா, நிஜமாவே கேக்கறாரா?”

“எனக்கும் தெரியல, டைரக்டரே. நீங்க இன்னும் ‘கட்’ சொல்லல.”

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

குராமோச்சி உள்ளே வந்து, ஈரப் பாயையும், மெழுகுவர்த்தியையும், வியர்வையில் குளித்து நின்ற தன் ஊழியனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நிஷினா? நீ இங்க என்னய்யா பண்றே?”

“சுத்தம் பண்ணிட்டிருந்தேன், சார்.”

“லீவு நாள்லயா?” குராமோச்சியின் குரல் தழுதழுத்தது. “பாத்தீங்களா ஹதானோ சார், எங்க ஆளுங்க எப்படின்னு? பூசணம்னு போன்ல சொல்லும்போதே நான் புரிஞ்சிருக்கணும். இவன் இங்க நின்னு தேய்ச்சுக்கிட்டிருக்கான்!”

பின்னால் நின்ற ஹதானோ குனிந்து வணங்கினார். முப்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு சூட்டு, கழுத்துப்பட்டை. முதுகுப் பையை நெரிசலான ரயிலில் பிடிப்பதுபோல் நெஞ்சோடு அணைத்திருந்தார். முழங்கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, கதவோரமாகவே நின்றார்.

“இந்த ரூம் முழுக்க ஒருத்தருக்குத்தாங்களா?” என்று கேட்டார்.

“ஒருத்தருக்கேதான்!”

“எனக்கு இது ரொம்ப அதிகம்ங்க.”

“சும்மா அடக்கமாச் சொல்றீங்க,” என்று குராமோச்சி சிரித்தார். “அதோ பாருங்க, ஜன்னல். தெற்குப் பாத்தது.”

ஹதானோ ஜன்னலைப் பார்க்கவில்லை. “அலமாரி இருக்குமாமே. அதைக் கொஞ்சம் பாக்கலாங்களா?”

நிஷினா கைகளை விரித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். “அது ஒட்டிக்கிட்டிருக்குங்க. காகிதம் புதுசு. பசை இன்னும் காயல. அடுத்த வாரம் வந்தீங்கன்னா…”

“நகருய்யா. வந்தவர் இவ்வளவு ஆசையாக் கேக்கறாரு.”

குராமோச்சி இழுத்தார். வரவில்லை. ஹதானோவும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். மேனேஜர் திணறும்போது ஊழியன் கைகட்டி நிற்பது முறையல்ல என்ற பழக்கதோஷத்தில், நிஷினாவின் கைகளும் தாமாகவே போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டன. மூன்று பேர் சேர்ந்து இழுத்த இழுப்பில் கதவு பள்ளத்தைவிட்டே கழன்று, மூவரையும் பாயில் சாய்த்துவிட்டு, ஜன்னலோரம் போய் விழுந்தது.

மதிய வெயில் அலமாரிக்குள் பாய்ந்தது.

சுவரெல்லாம் ஈரம். மேலே, கறுப்புத் துணி போர்த்தி மடங்கிய ஓர் உருவம், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. கீழே, முழங்கால் மோவாயில் முட்ட, சாம்பல் உடையில் ஒரு நீண்ட கிழவர். அவர் நெஞ்சில் ஓர் எண். தலைமாட்டில் டைமர் டிக் டிக்கென்று ஓடியது. சுவரில் ஒட்டிய அறிவிப்பு: ‘கீழ்த்தட்டில் வசிப்பவர் உரக்கப் பேசக்கூடாது. கால் நீட்ட முன்அனுமதி தேவை.’

கிழவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். பிறகு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

“ஒன்பது நிமிஷம் இப்போலேர்ந்து ஆரம்பிக்குதுங்களா?”

குராமோச்சி விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நிஷினா…” என்று காற்றாகப் பேசினார். “யாருய்யா இவங்க? எத்தனை வருஷமா இருக்காங்க? நம்ம லிஸ்ட்ல எப்படிய்யா விட்டுப்போச்சு?”

நிஷினாவின் நெஞ்சு விம்மியது. வேலை போகப்போகிறது, அது தெரிந்துவிட்டது. ஆனால் குராமோச்சி நம்பிவிட்டார்! ஊரில் எந்த வீட்டில் எந்த ஓட்டை என்று முப்பது வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர், ஓர் ஊறுகாய் மூடியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். மித்சுயே இங்கே இருந்து இதைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தவன், பக்கத்தில் ஏதோ அசைவதை உணர்ந்து திரும்பினான்.

ஹதானோ அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு முறையாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் தொடைமேல். கோயிலில் சாமி திரை விலகும்போது பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மெதுவாகப் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியதை அவர் துடைக்கவும் இல்லை.

நிஷினா இத்தனை நாள் தேடிய முகம் இதுதான். இப்படி ஒரு பிரமிப்போடு யாரும் எதையும் பார்த்து அவன் கண்டதில்லை. இதற்குமேல் உலகத்தில் ஒரு டைரக்டருக்கு என்ன வேண்டும்?

“எப்படி இருக்குதுங்க?” என்று, தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு மெல்லக் கேட்டான்.

ஹதானோ கண்ணை எடுக்காமல், குராமோச்சியின் பக்கம் லேசாகச் சாய்ந்து, கிழவரின் மனம் நோகாதபடி ரகசியமாகச் சொன்னார்:

“ஆளுக்கு முழுசா ஒரு தட்டா! நான் இப்ப இருக்கற இடத்துல ஒரு தட்டுக்கு ரெண்டு பேர்ங்க… இந்தப் பெரியவர் எப்பங்க காலி பண்றாரு?”