பாப்பாவை உன் மாடியறைக்கு அனுப்புவது பற்றி

என்றும் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், இவள், பாப்பா மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கு நீயும் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் முன்னறையில் தையல் மெஷினில் இருக்கும் இவளுக்குக் கேட்கும், பின்னறையில் படிக்கும் பாப்பாவுக்குக் கேட்கும், மாடியில் குடியிருக்கும் நைட் டூட்டிக்காரருக்கும் கேட்கும். அதனால் துணி காயப்போடும் இடத்தில், நனைந்த போர்வைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தால் நான் அழுதேன் என்று நினைக்காதே, போர்வை சொட்டுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் போன வருடம் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மயிரிழையில் தவறினாள் என்பது உனக்குத் தெரியும். அதன்பிறகு விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, படித்துக்கொண்டே இன்னொரு தடவை எழுதுகிறேன் என்றாள். "இதுவும் வரலைன்னா அதோட விட்டுடறேம்ப்பா, மறுபடி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண் அவள், அதுதான் பயம். குழந்தையில் ஊசி போட வந்த டாக்டரிடமிருந்து ஊசியைப் பிடுங்கி அவருக்கே போடப் பார்த்தவள் அக்கா! அன்றைக்கே நான் இவளிடம் சொன்னேன், இது டாக்டராகும் அல்லது ஜெயிலுக்குப் போகும் என்று. ஆகவே இந்தப் பரீட்சைதான் கடைசிப் பரீட்சை. இதை விட்டால் அந்த ஆசைக்கு வேறு வழி கிடையாது.

ஆனால் அவள் கையில் இருப்பது ஒரு வேலையா? காலையில் கல்லூரி, அதில் வகுப்பு, செய்முறை, படம் வரைவது. சாயங்காலம் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டு, அதாவது சம்பளம் இல்லாமல் சக்கர நாற்காலி தள்ளுவது, வழி தெரியாதவர்களுக்கு வழி சொல்வது, தனியாகப் படுத்திருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது. டாக்டராகப் போகிறவள் நோயாளிகளோடு பழகியிருக்க வேண்டும் என்பாள். ஒரே வண்டி, மூன்று ரூட். வாழ்நாள் முழுவதும் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். இந்த மாதிரி ஒரு டூட்டியை எந்த டிரைவருக்காவது போட்டிருந்தால் யூனியன்காரர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். சரி, நாம் எதற்கு இருக்கிறோம் என்று களத்தில் இறங்கினேன். ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து எனக்கும் கிளப்பிவிட ஒரு வண்டி இல்லாமல்தானே இருந்தது.

முதல் காரியமாகக் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். இயற்பியல் முடிந்து வேதியியல் புறப்படும்போது ஒரு விசில், வேதியியல் முடிந்து உயிரியல் புறப்படும்போது இரண்டு விசில். என் பழைய டிப்போ விசில்தான், இன்னும் என்னமாய்க் கத்துகிறது தெரியுமா! இரண்டாம் நாளே மாடி நைட் டூட்டிக்காரர் லுங்கியோடு இறங்கி வந்து நின்றார். "சார், நான் இப்பதான் படுத்தேன். கனவுல பஸ் புடிக்க ஓடிக்கிட்டே இருக்கேன் சார், ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது" என்றார். பாவமாக இருந்தது. அவருக்காக விசிலைத் துண்டில் சுற்றி ஊதினேன். பாப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். கவனம் சிதறக்கூடாது என்பதற்காக வைத்துக்கொள்கிறாள் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஈ விவகாரம். கல்லூரி ஆய்வகத்தில் கூரை ஒழுகி வேலை நடக்கிறதென்று பிள்ளைகள் தங்கள் செய்முறையை வீட்டுக்கு எடுத்துப்போகும்படி ஆகிவிட்டது. மற்றவர்கள் செடி கொண்டுபோனார்களாம். நம்முடையவள் ஈ கொண்டுவந்தாள். பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வாயில் பஞ்சு வைத்து, சமையலறை அலமாரியில் அடுக்கிவிட்டாள். "இதுல செவப்புக் கண்ணு, இதுல வெள்ளைக் கண்ணு. எதுக்கு எதைக் கட்டி வெச்சா குஞ்சுக்கு என்ன கண்ணு வருதுன்னு பாக்கணும்ப்பா. யாரும் தொடாதீங்க" என்றாள். நானும் தொடவில்லை. ஆனால் ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனவன் பார்க்கிறேன், ஒரு குழாயில் நாலைந்து ஈ, இன்னொன்றில் ஏழெட்டு, பக்கத்தில் இரண்டு குழாய் கிட்டத்தட்டக் காலி. அக்கா, பாதி காலியாக இரண்டு வண்டி ஒரே ரூட்டில் ஓடுவதை நான் என் சர்வீஸில் அனுமதித்ததே இல்லை. கூட்டத்தை ஒரு வண்டியில் ஏற்றிவிட்டு மற்ற வண்டிகளை ஷெட்டுக்கு அனுப்புவதுதான் முறை. அலமாரியில் பாப்பாவுக்கு இடமும் மிச்சமாகும் என்று எல்லா ஈயையும் ஒரே குழாய்க்கு மாற்றினேன். மாற்றும்போது பாதி இறங்கிப் போய்விட்டது, அது வேறு விஷயம். கல்லூரியிலிருந்து வந்து பார்த்த பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை, வீடெல்லாம் ஆடியது. "அப்பா, ரெண்டு மாச வேலைப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவள்தான் மெஷினை நிறுத்திவிட்டு அவளுக்கும் சேர்த்து என்னைத் திட்டினாள். மறுபடி ஈ வாங்கி, மறுபடி கட்டி வைத்து, மறுபடி எண்ணி, அந்தக் குழந்தை முதலிலிருந்து தொடங்கினாள். இன்றைக்கும் இவள் தைத்துக் கொடுக்கிற ரவிக்கைகளில் எங்காவது ஒரு ஈ இருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்த தப்புக்கு ஈடு செய்ய வேண்டாமா? அந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்குக் காலையில் மாதிரித் தேர்வு, அதே நேரத்தில் ஆஸ்பத்திரி டூட்டி. டிரைவர் வரவில்லை என்றால் வண்டியை நிறுத்தலாமா? மாற்று ஆள் போக வேண்டியதுதானே? அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாளென்று சொல்லாமலே நான் கிளம்பிவிட்டேன். தலைமை நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். "பாப்பாவோட ரிலீஃப்" என்றேன். கூட்டம் நெரிந்தது, அவருக்கு என்னோடு பேச நேரமில்லை, ஒரு சக்கர நாற்காலியைக் காட்டி எக்ஸ்ரே அறைக்கு ஓர் ஆளைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார், வேட்டி சட்டையோடு, நல்ல மனிதர். தள்ளினேன். வழியில் "வேற யாராவது எக்ஸ்ரே, எக்ஸ்ரே" என்று குரல் கொடுத்தேன், பழக்கதோஷம். பின்னால் ஐந்தாறு பேர் நடந்தே வந்தார்கள். எக்ஸ்ரே அறையில் அந்த வேட்டிக்காரருக்குப் பச்சை அங்கியை மாட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். படம் எடுப்பவர் "எங்க வலிக்குது?" என்று கேட்டதற்கு அவர், "எனக்கு எங்கயும் வலிக்கலீங்க. மச்சினனைப் பாக்க வந்தேன், கால் கடுத்துச்சு, நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன்" என்றாரே பார்க்கலாம்! முதலிலேயே சொல்வதற்கென்ன? கேட்டால், "நீங்க போட்ட சத்தத்துல எல்லாருக்கும் எடுக்கணும்போலன்னு நெனச்சேன்" என்கிறார். பின்னால் வந்தவர்களில் இரண்டு பேர் கேன்டீனுக்கு வழி தேடி வந்தவர்கள். உண்மையில் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய பெரியவர் வார்டு வாசலிலேயே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நர்ஸம்மா உடனே என்னிடம் விசாரித்து, மாதிரித் தேர்வு நடக்கிற இடத்துக்கே போன் போட்டு, பாப்பாவைப் பாதியில் எழுப்பி வரவழைத்துவிட்டார். அந்தத் தேர்வு போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் போய்த் தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதெல்லாம் போகட்டும். என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது முந்தாநாள் நடந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பா வர வேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறேன். அப்போது என் பழைய டிப்போவின் மீசைக் கண்டக்டர் போன் செய்தான். "சார், நம்ம பாப்பா கடைசி சீட்ல தூங்குது. இறங்க வேண்டிய ஸ்டாப்ல எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கல. இப்ப டிப்போவுக்கே வந்துட்டோம். என்ன சார் பண்றது?" என்றான். ஓடினேன். காலி பஸ்ஸில், மடியில் புத்தகம் திறந்தபடி, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்து தோளில் தூக்கி வருவேனே, அதே முகம். எழுப்ப மனசு வரவில்லை. மீசையும் நானும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டோம், வண்டி கழுவுகிறவர்கள் வந்தார்கள், அவர்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். பயந்துட்டேன் அக்கா, நிஜமாவே பயந்துட்டேன். இந்தப் பரீட்சைக்கு முன்னாடி பிள்ளை படுத்துடுவாளோன்னு அன்னிக்குத்தான் தோணிச்சு.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிகிறவரை பாப்பாவை உன் வீட்டு மாடியறையில் வைத்துக்கொள். அங்கிருந்தும் கல்லூரிக்குப் பஸ் இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன். காற்று வரும், சத்தம் கிடையாது. ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து தூரம், தொண்டு தானாகவே நின்றுவிடும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், அத்தை கூப்பிட்டால் வருவாள். அத்தான் வெளியே போய்விட்டால் உனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்று நீயே ஆசைப்பட்டுக் கூப்பிடுவது போல் கூப்பிடு. நான் எழுதியது தெரியவே கூடாது. அவள் இல்லாமல் இந்த வீடு எனக்கு எப்படி இருக்கும் என்று நீ கேட்காதே, நானும் யோசிக்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் கையும் வாழ்த்தும் பாப்பாவின் தலைமேல் இருக்கட்டும், நீங்கள் இருவரும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள். உறையை ஒட்டப் பசை கேட்டு இவளிடம் போனேன். படிக்காமல் பசை தர மாட்டேன் என்று பிடுங்கிக்கொண்டவள், மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகவே படித்துவிட்டாள். பாப்பா பின்னறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். ஈ வந்த இடத்தில் சிரித்தாள், எக்ஸ்ரே வந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், பஸ் வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். மாடிக்காரர் வேறு படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏன் பஸ்ல அப்படித் தூங்கினேன் தெரியுமா? அங்க விசில் அடிச்சா அது டிரைவருக்கு, எனக்கில்ல" என்றாள். "ஆஸ்பத்திரியையும் நிறுத்தாதீங்கப்பா. நான் எதுக்கு இவ்ளோ படிக்கிறேன்னு அங்க போனாத்தான் எனக்கே ஞாபகம் வருது. மூணையும் நான் பாத்துப்பேன். நாலாவதாத்தான் நீங்க வந்து நிக்கறீங்க."

அத்தை வீட்டு மாடியறை ரொம்ப நல்ல யோசனை என்றும், ஆனால் போக வேண்டியது அவள் இல்லை என்றும் சொன்னாள். இவள் உடனே என் பெட்டியைக் கீழே இறக்கினாள். மாடிக்காரர் அதைத் தானே வாசல்வரை தூக்கி வந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் அக்கா. பரீட்சைக்கு முதல்நாள்தான் திரும்பலாம் என்று உத்தரவு. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, மறைப்பானேன். செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, "பரீட்சை அன்னிக்குக் கேட்டுக்கு வெளிய நீங்கதான் நிக்கணும், வேற யாரும் வேணாம். உள்ள போறப்போ திரும்பிப் பாப்பேன், நீங்க அங்க இருக்கணும், சும்மா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை அக்கா. பரீட்சைக்குள் அதை நான் உன் வீட்டில் படித்தாக வேண்டும்.